டெலிபோன் ஆபீஸ் உலகம்மை வீட்டில் ராஜாக்கள் காத்திருந்த கதை

கீழச்சேந்தன்குளத்தில் டெலிபோன் ஆபீஸ் உலகம்மை வீட்டைத் தேடி முதல் ராஜா வந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம், ஆகவே குடத்தோடு நின்ற அத்தனை பெண்களும் அவரைப் பார்த்தார்கள். பார்த்து, அவர் வரிசைக்கு நடுவே புகப் போகிறாரா ஓரமாகப் போகப் போகிறாரா என்பதை மட்டும் கவனித்து, ஓரமாகத்தான் போகிறார் என்று தெரிந்ததும் அவரவர் குடத்தைக் காலால் தள்ளி முன்னே வைத்துக்கொண்டார்கள். கறுப்பு ராஜா. கிரீடத்திலிருந்து பாதம் வரை ஒரே மரத்தில் கடைந்த மாதிரி வழவழவென்ற கறுப்பு, தடித்த உடம்பு, இடுப்பைச் சுற்றி ஒரு வளையம், உள்ளங்காலில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்ததால் நடக்கிற சத்தமே இல்லை. ஒரு எட்டு வைப்பார், நிற்பார், எல்லாப் பக்கமும் பார்ப்பார், ஆபத்தில்லை என்று திருப்தியான பிறகு அடுத்த எட்டு வைப்பார். பஸ் ஸ்டாண்டிலிருந்து பிள்ளையார் கோயில் தெருவுக்கு வந்து சேர அவர் விடிகாலையில் கிளம்ப வேண்டியிருந்தது.

உலகம்மையின் புருஷன் நல்லபெருமாள் வாசலில் உட்கார்ந்து சோடா பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டிய சாய்ப்பில் கோலி சோடா போட்டு ஊருக்கு விற்பது அவர் தொழில். பேச்சென்றால் உயிர். ஆனால் நாள் முழுவதும் காதில் மாட்டிய கருவி வழியாக ஊராரின் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிற பெண்சாதி வீட்டில் வாய் திறப்பதில்லை என்பதால், பாட்டில்களிடம்தான் பேசிக்கொண்டிருப்பார்.

"இது உலகம்மையாரின் இல்லந்தானே?" என்றார் ராஜா.

"ஆமா. நீங்க யாரு?"

"யாம் அவருடைய அரசர். கோலார் ஆட்டத்தில் இருக்கிறோம். எம் முறை வந்து வெகுநாளாகிறது. நகர்த்துவதற்கு ஒருவரும் வரவில்லை. ஆகவே நேரில் வந்தோம்."

நல்லபெருமாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவ டூட்டிக்குப் போயிருக்கா. மத்தியானம் வந்துருவா. வெயில்ல நிக்காதீரும், உள்ள வந்து உக்காரும். பன்னீர் சோடா குடிக்கீரா, கலர் குடிக்கீரா?"

"வாயு வருமா?"

"வந்தாத்தானய்யா சோடா" என்றார் நல்லபெருமாள், தனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷத்தோடு.

உலகம்மை சதுரங்கம் கற்றுக்கொண்டது பார்த்து அல்ல, கேட்டு. அவள் அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். யார் யாரோடு பேச வேண்டுமானாலும் அவள் கையால் கம்பியைச் செருகினால்தான் உண்டு. லைன் சும்மா கிடக்கிற மத்தியானங்களில் மதுரை எக்ஸ்சேஞ்சிலிருந்த பத்மாசனி என்கிற ஆபரேட்டர், குதிரை எப்படித் தாண்டும், மந்திரி எப்படிக் கோணலாகப் போவார் என்று கம்பி வழியாகவே சொல்லிக்கொடுத்து, கம்பி வழியாகவே ஆடி, கம்பி வழியாகவே தோற்றும் போனாள். மேலதிகாரி இதைக் கண்டுபிடித்துக் கத்தியபிறகு இருவரும் போஸ்ட் கார்டுக்கு மாறினார்கள். கார்டிலேயே ஆடுகிறவர்கள் தேசம் முழுவதும் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு கழகம் இருக்கிறது, அதற்கு ஒரு செயலாளர் இருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது.

கழகத்தின் சட்டம் லேசானது. ஒரு கார்டில் ஒரு நகர்த்தல். பதில் போட இத்தனை நாள் என்று கெடு. கெடு தாண்டினால் ஆட்டம் போச்சு. மற்றவர்கள் அந்தக் கெடுவை ஆற அமரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பலகையை நாலு நாள் முறைத்துப் பார்த்துப் பதில் எழுதினார்கள். உலகம்மையோ எக்ஸ்சேஞ்சுப் பலகையில் விளக்கு எரிந்தால் கை தானாகக் கம்பியை எடுக்கிற உத்தியோகத்தில் இருந்தவள். வந்த கார்டுக்கு வந்த அன்றைக்கே பதில் போடாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் சீக்கிரம் போட்டாள் என்று எதிராளிகளும் சீக்கிரம் போட்டார்கள், அவர்கள் சீக்கிரம் போட்டார்கள் என்று அவள் இன்னும் சீக்கிரம் போட்டாள். இப்படி ஒரு பொம்பளை தென்கோடியில் மின்னல் மாதிரிப் பதில் போடுகிறாள் என்று மகிழ்ந்துபோன செயலாளர் அவளை ஒரு போட்டியில் சேர்த்தார், அது பாதி நடக்கும்போதே இன்னொன்றில் சேர்த்தார், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை என்பதால் மூன்றாவதிலும் நாலாவதிலும் சேர்த்தார். தபால்காரர் நயினார் மற்ற தெருக்களுக்கெல்லாம் ஒரு பையும் உலகம்மை வீட்டுக்கு ஒரு பையும் தனியாகக் கொண்டுவர ஆரம்பித்தார். கடைசியில் ஒருநாள் கார்டுகள் அவளுடைய கையைவிட வேகமாகக் குவிந்துவிட்டன. அவள் திறந்து பார்க்காமலே அரிசிப்பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகுதான் ராஜாக்கள் வந்தார்கள்.

கோலார் ராஜாவுக்குப் பின்னால் நாக்பூர் ராஜா வந்தார், வெள்ளை, வாதக்காரர். கோட்டயம் ராஜா வந்தார், சதா தொடைநடுங்கி, ஏனென்றால் அந்த ஆட்டத்தில் அவருக்குச் செக் விழுந்து கிடந்தது. எந்நேரமும் வேர்த்துக்கொண்டே இருந்தார். எதிராளி எந்த ஊரோ அந்த ஊர்ப் பேர் சொல்லி அவர்களைக் கூப்பிட்டார்களே தவிர எல்லோரும் உலகம்மையின் ராஜாக்கள்தான். அவள் ஒரு கார்டு போட்டு அது எதிராளி கைக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்த ராஜா எழுந்து "வருகிறோம்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு எட்டாகத் தெருமுனை வரை போய்க் காணாமல் போவார். அடுத்த கார்டுக்கு அவள் தாமதம் செய்ததும் திரும்பி வந்து நிற்பார். ஒருவர் போனால் இருவர் வந்தார்கள். இரண்டு ராஜாக்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது அவர்கள் சட்டத்திலேயே கிடையாது, நடுவில் ஒரு ஆளாவது இடம் விட வேண்டும் என்பதால் முன்னறை போதவில்லை. சாய்ப்பில் ஒருவர், கிணற்றடியில் ஒருவர், மாடிப்படியில் ஒருவர் என்று உட்கார்த்திவைத்தார் நல்லபெருமாள்.

ஊருக்கு அவர்கள் பழகிப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. டவுன்பஸ் கண்டக்டர் ராஜாக்கள் ஏறினால் ஒரு சீட் விட்டு ஒரு சீட் உட்காரவைத்து, நடுச் சீட்டுகளில் மட்டும் மற்றவர்களை ஏற்றினார். முடிதிருத்தும் கடையில், கிரீடம் தலையோடு சேர்ந்தது, கழற்ற வராது என்று தெரிந்தபின் முகத்துக்குப் பவுடர் மட்டும் போட்டு அனுப்பினார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசைக்கு ஒரு ராஜாவை நிறுத்திவிட்டுப் போனால் எத்தனை மணி நேரமானாலும் அசையாமல் நிற்பார் என்று தெருப்பெண்கள் கண்டுபிடித்தார்கள். காத்திருக்கிறதில் அவர்களை அடிக்க ஆளில்லை.

அவர்களின் உண்மையான உபயோகத்தைக் கண்டுபிடித்தவர் பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன். எந்த விழாவுக்கும் சிறப்பு விருந்தினர் கிடைக்காமல் அல்லாடுகிறவர் அவர். கூப்பிட்ட அதிகாரி வரமாட்டார், வந்த அதிகாரி போகமாட்டார். இப்போதோ தெருவுக்குள்ளேயே ராஜாக்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு ஒருவர், மாட்டுச் சந்தைத் திறப்புக்கு ஒருவர், கல்யாணத்துக்கு ஒருவர், காதுகுத்துக்கு ஒருவர் என்று அனுப்பினார். ராஜா தலைமையில் நடக்காத கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. வெள்ளை ராஜாதான் வேண்டும் என்று சிலர் கேட்டபோது கோலார் ராஜா, "வெள்ளையர் முதலில் நகர்வார், அவ்வளவுதான். முதலில் நகர்ந்தவரெல்லாம் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை" என்று சொன்னார். அந்தப் பேச்சு சந்தைவரை பரவி, அடுத்த முகூர்த்தத்துக்கு எல்லோரும் கறுப்பு ராஜாவைக் கேட்டார்கள்.

கோலார் ராஜா மட்டும் எந்த விழாவுக்கும் போகவில்லை. அவர் நல்லபெருமாளின் சினேகிதராகிவிட்டார். காலையில் பாட்டில் கழுவும்போது எதிரே உட்கார்ந்து கதை கேட்பார், மத்தியானம் அடுக்களையில் முருங்கைக்காய் நறுக்கிக் கொடுப்பார். "யாம்" என்று வந்தவர் ஒரு மாதத்தில் "நான்" ஆகி, இரண்டாவது மாதத்தில், "அண்ணாச்சி, குழம்புக்கு உப்புப் போட்டாச்சா?" என்று கேட்கிற அளவுக்கு ஊர்ப்பேச்சு பழகிவிட்டார். அந்த ஆட்டம் உலகம்மைக்குக் கஷ்டமான ஆட்டம். பலகையைப் பார்ப்பதையே தள்ளிப்போட்டு, கெடுவின் கடைசி நாளில் ஏதாவது ஒன்றை நகர்த்திக் கார்டு போடுவாள். ஆகவே அவர்தான் அதிக நாள் அங்கே தங்கினார்.

பிறகு அந்தக் காரியம் நடந்தது. பால் சொசைட்டியின் புதுக் கட்டடத் திறப்பு. நாக்பூர் ராஜா சிறப்பு விருந்தினர். மாலை போட்டு, கையில் கத்தரியைக் கொடுத்து, மேளக்காரர் ஊத, ஆவுடையப்பன் "இப்போது மாட்சிமை பொருந்திய" என்று தொடங்கியபோது, ராஜா "ஆ" என்று ஒரு சத்தம் கொடுத்துப் பக்கவாட்டில் சாய்ந்தார். ஓடிப் போய்ப் பார்த்தால் மாலைக்குள் ஒரு விரல் நீளத்தில் மரத்தில் செய்த சதுரங்கக் காய் ஒன்று கிடந்தது. ரிப்பன் வெட்டப்படாமலே தொங்கியது. நாக்பூர் ஆட்டத்தின் கெடு முடிந்துபோயிருந்தது.

உலகம்மை பதில் போடாமல் இல்லை. நாக்பூருக்கு எழுத வேண்டியதைக் கோட்டயத்துக்கும், கோட்டயத்துக்கு எழுத வேண்டியதை நாக்பூருக்கும் எழுதிவிட்டாள். இரண்டு எதிராளிகளும், அந்தக் கட்டத்தில் காயே இல்லையே அம்மா, எதை நகர்த்துகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுக் கார்டைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதுவும் அரிசிப்பானைக்குப் பின்னால்தான் கிடந்தது. கோட்டயம் ஆட்டத்தில் மட்டும் இன்னும் கெடு பாக்கியிருந்தது.

ஊர் கூடி நாக்பூர் ராஜாவுக்குச் சகல மரியாதையும் செய்தது. மரத்தை எரிப்பது கொடுமை என்று ஒரு கட்சி, புதைத்தால் கறையான் அரிக்கும் என்று ஒரு கட்சி. கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சொசைட்டி வாசலில் ஒரு மாடம் கட்டி வைத்தார்கள். அவர் மண்ணெண்ணெய் வரிசையில் நின்று கொடுத்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். உலகம்மை மட்டும் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேரே டூட்டிக்குப் போனாள்.

அன்றைக்கே ராஜாக்கள் பாதுகாப்புக் கமிட்டி உண்டாயிற்று. ஆவுடையப்பன் தலைவர். கமிட்டி அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது.

"யம்மா உலகம்மை, உன்னைக் குத்தம் சொல்ல வரல. ஆனா இனிமே ஒரு ராஜாவும் சாயக் கூடாது" என்றார் ஆவுடையப்பன்.

"சரிங்க. ஒவ்வொரு ஆட்டமா முடிச்சிருதேன்."

"முடிச்சா?" என்று பதறினார் அவர். "முடிச்சா அவங்க போயிருவாகளே! தையில முகூர்த்தம் வரிசையா இருக்கு. நீ என்ன செய்யணும்னா, கெடு தாண்டவும் கூடாது, முன்னால போடவும் கூடாது. சரியாக் கடைசி நாள் பாத்துப் போடு. எல்லா ஆட்டத்தையும் இப்படியே இழுத்துக்கிட்டே போ."

"எத்தனை நாளைக்கு?"

"ஊர் இருக்கிற வரைக்கும்."

உதவி என்று பேர் சொல்லிக்கொண்டு ஊர் அவள் வீட்டுக்குள் புகுந்தது. கெடுவை ஞாபகப்படுத்த ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு ஆள் போட்டார்கள். அவரவர் தங்கள் ராஜாவின் ஆட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சண்டை போட்டார்கள். டீக்கடையில் ஆட்டம் தெரியாதவர்களும் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். நேராகவே போகிற யானையைக் கோணலாக விட்டால் என்ன, கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. உலகம்மை தூங்கும்போது விரல் பாயில் கட்டம் போட்டது. எக்ஸ்சேஞ்சில் தென்காசிக்குப் போக வேண்டிய கால் திருச்சிக்குப் போயிற்று. பம்பாயிலிருந்து பெண்சாதியோடு பேச வந்த ஒருவருக்கு ஊரிலிருந்த வேறொருவரின் மாமியாரை இணைத்துவிட்டாள். பாவம் அந்த மனுஷன், குரல் மாறியிருக்கிறதே என்று கேட்கப் பயந்து, மூன்று நிமிஷமும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமியார்க்காரி மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்கே வந்து, "யார்ட்டி அந்தப் பையன்? என் மருமகன்கூட இப்படி அனுசரணையாப் பேசினதில்ல" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் போனபிறகு உலகம்மை பலகையைப் பார்த்தாள். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவற்றைச் சும்மா பார்த்தாள். ஒரு விளக்கு அணைந்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடி எரிந்தது. காத்திருந்தவர் செத்துப்போய்விடவில்லை, திரும்பவும் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். நான் இத்தனை வருஷமாக ஆடவே இல்லையே, வெறுமனே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அவளுக்கு அப்போது பட்டது. அது பட்டதும் சிரிப்பு வந்தது, சிரிப்பு முடிகிற இடத்தில் நாக்பூர் ராஜாவுக்காகக் கொஞ்சம் அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லா ராஜாக்களையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னாள். அவர்கள் ஒவ்வொரு எட்டாக வந்து, ஒருவருக்கொருவர் இடம் விட்டு உட்கார்ந்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. ஊரும் வந்தது. கமிட்டிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உலகம்மை கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் யார் யாரோடு பேசினாலும் நடுவில் இருந்து கேட்டவள் என்பதால், எதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

"என்னால இத்தனை பேரையும் வச்சுப் பாக்க முடியல" என்றாள். "நாலு ஆட்டம் ஆடுதேன். நல்லா ஆடுதேன். மத்தவங்களை இன்னைக்கே அனுப்புதேன்."

"யாரைக் கேட்டு?" என்று எழுந்தார் ஆவுடையப்பன்.

"நீங்க உக்காருங்க. அவங்களைக் கேட்டுத்தான்."

ஒவ்வொரு ராஜாவின் முன்னாலும் போய் நின்று நிலவரத்தை உள்ளபடி சொன்னாள். கோட்டயம் ராஜாவிடம், "உங்க ஆட்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. டிரா கேக்கேன், அவங்களும் சரின்னுதான் சொல்லுவாங்க" என்றாள். அவர் வந்த நாளிலிருந்து முதல்முறையாக வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதானா? இதை முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார். ஜெயிக்கிற ஆட்டங்களின் ராஜாக்கள் இருக்கிறோம் என்றார்கள். தோற்றுப்போன ஆட்டங்கள் சில இருந்தன. அந்த ராஜாக்களிடமும் அதை மறைக்காமல் சொன்னாள். அவர்களோ இடுப்பு வளையத்தைச் சரிசெய்துகொண்டு, கெடு தாண்டி ரிப்பன் வெட்டும்போது சாய்வதைவிட ஒரு கை பார்த்து ஒப்புக்கொண்டு சாய்வது மேல் என்றார்கள். ஆவுடையப்பன் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அழுதார். கடைசி மாலையை அவரே போட்டார். தை முகூர்த்தக்காரர்கள் பழையபடி அதிகாரிகளைத் தேடிப் போனார்கள்.

கடைசியாக உலகம்மை கோலார் ராஜாவின் முன்னால் வந்தாள். நல்லபெருமாள் குறுக்கே வந்து நின்றார்.

"எட்டி, இவரை மட்டும் விட்டுரு."

"ஆட்டம் போச்சுங்க. மூணு நாளா பலகையையேதான் பாக்கேன். எந்தப் பக்கம் போனாலும் போச்சு."

"போனாப் போகுது. மெதுவாப் போகட்டும். இவரும் போயிட்டா வீட்டுல நான் யாரோட பேசட்டும்?" என்றார் நல்லபெருமாள். அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைதானத்தில் யாரும் சிரிக்கவில்லை. உலகம்மை புருஷனை ரொம்ப நேரம் பார்த்தாள். வீட்டில் ஒரு ஆள் காத்துக்கொண்டிருந்ததை அவளுக்கு யாரும் கிரீடம் வைத்துக் காட்டவில்லை.

"அண்ணாச்சி, தோத்த ஆட்டத்தை இழுக்கிறது எதிராளிக்குச் செய்யிற மரியாதை இல்ல" என்றார் கோலார் ராஜா. "எழுதும்மா. கார்டு போய்ச் சேரத் தபாலுக்கு நாலஞ்சு நாளாகும்லா. அது வரைக்கும் இருப்பேன்."

அவள் எழுதினாள். நயினார் அந்தக் கார்டை வாங்கிப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "மதினி, மழை பெய்யுற மாதிரி இருக்கு, நாளைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. உலகம்மை சரி என்று தலையை ஆட்டினாள். மறுநாளும் அவருக்கு மழை வரும்போலத்தான் தெரிந்தது. ஆனால் உத்தியோக தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, மூன்றாம் நாள் கார்டு கிளம்பிவிட்டது.

அந்த நாட்களில் உலகம்மை டூட்டி முடிந்ததும் நேரே அடுக்களைக்கு வந்து, புருஷனுக்கும் ராஜாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முதல்நாள் சும்மா கேட்டாள். அடுத்த நாள், பம்பாய்க்காரரையும் மாமியாரையும் இணைத்துவிட்ட கதையைச் சொன்னாள். நல்லபெருமாள் சிரித்துச் சிரித்து அரிவாள்மணையிலிருந்து எழுந்துபோக வேண்டியதாயிற்று. "இத்தனை கதையை வயித்துக்குள்ள வச்சிருந்தியா?" என்று கேட்டார். "நீங்க கேக்கலையே" என்றாள். "நீ நிக்கலையே" என்றார் அவர்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை எக்ஸ்சேஞ்சில் ஒரு டிரங்க் கால் வந்தது. கோலார் தங்கவயலிலிருந்து, கீழச்சேந்தன்குளம் டெலிபோன் ஆபரேட்டருக்கு. உலகம்மை தன் கையாலேயே கம்பியைச் செருகித் தன்னோடு தானே இணைத்துக்கொண்டாள்.

"உலகம்மை அம்மாங்களா? நான் மரியசூசை பேசறேங்க. சுரங்கத்துக்குள்ள ஆளுங்களைக் கூண்டுல இறக்கற வேலை. உங்களோட ஆடறவன்."

அத்தனை மாதம் கையெழுத்தாகவே இருந்த மனுஷனுக்கு இப்படிக் கரகரத்த குரல் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. "கார்டு வந்துதுங்களா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"நீங்க தோக்கலைம்மா. இதை நான் சொல்லக் கூடாது, எதிராளி பாருங்க. ஆனா மனசு கேக்கல. போன தடவை எனக்கு ஷிப்ட் மாறிப் பதில் போட லேட்டாயிடுச்சு, அப்ப எங்க குவார்ட்டர்ஸுக்கு ஒருத்தர் வந்து குந்தினார். வெள்ளை. கிரீடம் எல்லாம் வச்சிக்கினு. உங்க பக்கமும் வருவாங்களோ என்னமோ."

"வருவாங்க" என்றாள் உலகம்மை.

"தூக்கத்துல உளர்றாரும்மா அந்த மனுசன். 'அவள் யானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வேன், யானையைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வேன்'னு விடிய விடிய அதே பேச்சு. நீங்க அந்த யானையைக் கொடுங்க. வெட்டாம இருக்க எனக்கு வழியில்ல. வெட்டினா உங்க ராஜாவுக்குச் செக்கும் இல்ல, நகர ஒரு கட்டமும் இல்ல. டிரா."

அவள் மனசுக்குள் பலகையை விரித்து யானையைக் கொடுத்துப் பார்த்தாள். சரிதான். பிரமாதமாகச் சரி. இவ்வளவு நாள் பார்த்தும் தெரியாதது, வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு ஒரு நிமிஷத்தில் தெரிகிறது.

"நீங்க ஜெயிச்சிருக்கலாமே, அண்ணாச்சி" என்றாள்.

"ஜெயிச்சுட்டு அவர் மூஞ்சிய எப்படிப் பாக்கறது? நேத்துக்கூடத் தோசை சாப்ட்டுட்டுத்தான் போனார்" என்றார் மரியசூசை. மூன்று நிமிஷம் முடிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் மணியடித்து லைனைத் துண்டிக்கிறவள் அவள்தான். அன்றைக்குத் துண்டிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நல்லபெருமாள் ராஜாவைக் கட்டிக்கொண்டு சோடா சாய்ப்பைச் சுற்றி ஆடினார். உலகம்மைதான் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஆனா நகர இடமில்லாம முடியுதே. அப்படி முடிஞ்சா நீங்க?"

ராஜாவும் யோசித்தார். "டிரா ஒத்துக்கிட்டுப் போனவங்க நடந்து போயிட்டாங்க. எனக்கு நடக்கிறதுக்கு இடமே இல்ல. அந்த நேரத்துல எங்க இருக்கேனோ அங்கேயே இருப்பேன்னு நினைக்கேன். சாப்பிடலாம், பேசலாம். ஒரு எட்டு நகர முடியாது."

"சம்மதமா?"

"விழுந்து கிடக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலாம். ஆனா நல்ல இடமாப் பாத்து உக்கார வைங்க."

அவள் கார்டை அன்றைக்கே எழுதவில்லை. யானையைக் கொடுப்பதென்பது திரும்ப வாங்க முடியாத காரியம். ஒரு நாள் ஊறட்டும் என்று பலகையை மூடிவைத்துவிட்டு, மூன்று பேரும் சினிமாவுக்குப் போனார்கள். மறுநாள் மறுபடி பார்த்து, சரிதான் என்று உறுதியானபின் எழுதினாள். கார்டு வந்து சேர்ந்ததும் மரியசூசை போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துத்தான் யானையை வெட்டுவேன், அதுவரை உங்களுக்கு அவகாசம் என்றார். இனி தனக்கு நகர்த்தல் ஒன்றும் பாக்கியில்லை என்பதால், கார்டு சேர்ந்ததும் வழக்கம்போலக் கிளம்பாமல் ராஜா அங்கேயே தங்கிவிட்டார்.

இடம் எது என்பதில் வீட்டில் பெரிய சண்டை. அடுக்களையில் அம்மிக்குப் பக்கத்தில் என்றார் நல்லபெருமாள். முன்னறையில் பலகைக்கு எதிரே என்றாள் உலகம்மை, தானும் பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா என்று. ராஜாவோ ஜன்னலோரம் கேட்டார். ஆவுடையப்பன் தனியாக ஒரு யோசனையோடு வந்தார்: பஞ்சாயத்து ஆபீஸ் மேடையில் நிரந்தரமாக வைத்துவிட்டால் எந்த விழாவுக்கும் கவலையில்லை. அவருக்குச் சோடா கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஜன்னலோரம் என்று முடிவாகி, அங்கே மெத்தை போட்டு, நாற்காலி போட்டு, வெயில் படுகிறதா என்று பார்த்துத் தயார் செய்தார்கள். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிறது என்று நல்லபெருமாள் வடைக்கு மாவு ஆட்டினார்.

சுரங்கத்தில் கூண்டு இறக்குகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு காலை பத்து மணிக்கு என்பது கீழச்சேந்தன்குளத்தில் யாருக்கும் தெரியாது.

முதல் ஈடு வடை வெந்ததும் ராஜா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, உலகம்மைக்கும் ஒன்று கொடுக்கலாம் என்று அடுக்களையிலிருந்து முன்னறைக்குக் கிளம்பினார். நிலைப்படியில் ஒரு எட்டு வைத்தார். நின்றார். எல்லாப் பக்கமும் பார்த்தார். அடுத்த எட்டு வரவில்லை.

"அண்ணாச்சி" என்றார். "கோலார்ல சாப்பிட்டாச்சுபோல."

நல்லபெருமாள் தள்ளிப் பார்த்தார், உலகம்மை இழுத்துப் பார்த்தாள், நயினார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து இருவரோடும் சேர்ந்து இழுத்துப் பார்த்தார். மூன்று பேரும் களைத்துத் தரையில் உட்கார்ந்து, யார் முதலில் சிரித்தது என்று தெரியாமல் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுக்களைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளிழுத்துத்தான் போக வேண்டும். உலகம்மை பலகைக்கு முன்னால் யோசித்துக்கொண்டிருப்பாள். உள்ளே நல்லபெருமாள் தாளித்துக்கொண்டிருப்பார். நிலைப்படியில் நின்றபடி ராஜா உள்ளே நடப்பதை வெளியேயும் வெளியே நடப்பதை உள்ளேயும் சொல்வார்.

"அம்மா, அண்ணாச்சி ரசம் வைக்கவா, மோர் போதுமான்னு கேக்காரு."

"கொஞ்சம் இருங்க" என்பாள் உலகம்மை. குதிரையைக் கையில் எடுத்தவள், எங்கேயும் வைக்காமல் அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, எழுந்து, பக்கவாட்டில் திரும்பி, பதிலை அவளே சொல்ல உள்ளே போவாள்.